புருஷன் பெயர் கேட்டுத் திரிந்த காலம்

போன மாதம் வாக்காளர் பட்டியலுக்குப் பெயர் எழுத ஒரு பெண்பிள்ளை கொழும்பு வெள்ளவத்தையில் என் வீட்டுக்கு வந்தாள். குடையைக்கூட மடக்கவில்லை. வாசலில் நின்றபடியே, "ஆன்ட்டி, பேர்?" என்றாள். சொன்னேன். "வோட்டுப் போடுற ஆக்கள் வேற ஆரும் இருக்கினமோ?" இல்லை என்றேன். "தாங்க்ஸ் ஆன்ட்டி" என்று கேற்றைச் சாத்திக்கொண்டு போய்விட்டாள். அவளுக்கென்று ஊற்றிய தேத்தண்ணீர் மேசையில் அப்படியே இருந்தது. இதற்குப் பெயர் வேலையாம்! வந்த கோபத்தில் அதையும் நானே குடித்தேன்.

பாவம், கோபம் அவள்மேல் இல்லை. ஒரு பெண்ணிடம் பெயர் கேட்டு எழுதுவது இவ்வளவு லேசாகிவிட்டதே என்றுதான். அது லேசாக இல்லாத காலத்தில் அதே வேலையைச் செய்தவள் நான். ஒரு பெயருக்காக ஒரு பின்னேரம் முழுக்க வாசலில் நின்றிருக்கிறேன். ஒரு பெயரால் ஒரு தோட்டத்துப் பெண்கள் அத்தனை பேரும் எங்களைக் கைவிட்டதையும் பார்த்திருக்கிறேன். அதை எழுதி வைக்கலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

தட்டச்சும் சுருக்கெழுத்தும் படித்த கதையெல்லாம் வேண்டாம். எல்லோரும் படித்தது போலத்தான் நானும் படித்தேன். பெண்களுக்கு வாக்குரிமை கேட்ட ஒரு சங்கத்தில் சம்பளத்துக்கு வேலை செய்த ஒரே ஆள் நான். மற்றவர்களெல்லாம் காரில் வந்து காரில் போகும் சீமாட்டிகள். "வீடு வீடாப் போற வேலையெண்டா நீ என்ன தபால்காரனே?" என்று அப்பா கத்தினார். கத்திவிட்டுக் குடை வாங்கித் தந்தார்.

என்னை வேலைக்கு எடுத்தவர் மிஸிஸ் ஞானமுத்து. வெள்ளவத்தையில் கடற்கரை ரயில்பாதையை ஒட்டிய ஒழுங்கையில் அவருடைய வீடு. ரயில் போகும்போதெல்லாம் அலுமாரிக்குள் கோப்பைகள் கிலுகிலுக்கும். அந்தச் சத்தம் ஓயும்வரை அவர் பேச்சை நிறுத்திவைத்து, விட்ட சொல்லிலிருந்து தொடங்குவார். கணவர் டொக்டர்; ஞானமுத்து என்பது அவருடைய குடும்பப் பெயர். முதலாம் உலக யுத்தத்தில் இராணுவ மருத்துவராக மெசப்பொத்தேமியாவுக்குப் போனவர் திரும்பவில்லை. பிள்ளைகள் இல்லை. முன்னறையில் ஒரு சாய்மனைக் கதிரை இருந்தது. நான் முதல் நாள் அதில் உட்காரப் போனபோது, "அது டொக்டர்ட கதிரை, பிள்ளை. நீர் இதில இரும்" என்று வேறொன்றைக் காட்டினார். டொக்டருக்கு இது பிடிக்கும், டொக்டர் இப்படிச் சொல்லுவார் என்று பேச்சுக்கு நடுவே டொக்டர் வந்துகொண்டேயிருப்பார்.

அவர் வெள்ளைச் சேலை கட்டியதில்லை. தாலியும் கழற்றவில்லை. அவருடையதைப் போன்ற வேதக்காரக் கிறிஸ்தவ வீடுகளிலும் அந்தக் காலத்தில் இதற்கு நாக்கு வளைத்துப் பேசுவார்கள். "பாத்தீங்களோ, வாக்குரிமை கேக்கிறவவின்ட கோலத்தை" என்றார்கள். நாங்கள் அதைச் சீர்திருத்தம் என்று நினைத்தோம். எனக்கு அதில் பெருமையும் இருந்தது.

அவருக்கு இரண்டே விஷயம்தான் வாழ்க்கை. ஒன்று பெண்களுக்கு வோட்டு. மற்றது யுத்தம் கூடாது. அவருக்கு இரண்டும் ஒன்றுதான். "ஆம்பிளையள் சண்டைக்குக் கை தூக்கிப்போட்டு எங்களுக்குத் தந்தி அனுப்புறாங்கள். கை தூக்கிற இடத்தில நாங்களும் இருந்தா அந்தத் தந்தி வராது" என்பார். புதிய அரசியலமைப்புக்காக லண்டனிலிருந்து ஆணைக்குழு வந்தபோது, படித்த பெண்களுக்கு மட்டும் வோட்டுக் கேட்டால் போதும் என்றார்கள் சங்கத்துச் சீமாட்டிகள். "அப்ப சண்டையில புருஷனைச் சாகக் குடுக்கிறதும் படிச்ச பொம்பிளையள் மட்டும்தானோ?" என்று இவர் கேட்டார். அன்றைக்குக் கேக் வெட்டாமலே கூட்டம் முடிந்தது. கடைசியில் எல்லோருக்கும் வோட்டு வந்தது. வந்த பிறகுதான் எங்கள் உண்மையான வேலையே தொடங்கியது.

கொட்டாஞ்சேனையில் துறைமுகத் தொழிலாளர் குடியிருந்த ஒரு தோட்டம் எங்கள் பொறுப்பு. தோட்டம் என்றால் மரம் செடி இல்லை. ஒரே கூரையின் கீழ் வரிசையாக அறைகள், நடுவில் ஒரு தண்ணீர்க் குழாய். வெள்ளவத்தையில் ரயிலேறிக் கோட்டையில் இறங்கி, கிராண்ட்பாஸ் ட்ராமில் பாதித் தூரம் போய், மிச்சம் நடப்போம். காலையில் போகக்கூடாது, சமையல். மாலையிலும் கூடாது, ஆண்கள் வந்துவிடுவார்கள். மத்தியானச் சாப்பாட்டுக்கும் குழாயில் தண்ணீர் வருவதற்கும் இடைப்பட்ட நேரம்தான் எங்களுடையது. கதவுக்கு நேரே நிற்காமல் பக்கத்தில் நிற்க வேண்டும். கதிரை தந்தால் இருக்கக்கூடாது, பாயென்றால் இருக்கலாம். முதலில் பிள்ளைகளின் இருமலைப் பற்றிக் கேட்க வேண்டும். வோட்டுப் பேச்சு எடுப்பதற்குள் ஒரு தேத்தண்ணீர் முடிந்திருக்கும்.

தன் பெயரைச் சொல்ல எந்தப் பெண்ணும் பின்நிற்கவில்லை. ஆனால் பட்டியலில் இன்னாருடைய மனைவி என்றும் எழுத வேண்டும். புருஷனின் பெயரைப் பெண்சாதி வாயால் சொன்னால் அவன் ஆயுள் குறையும் என்பது அங்கே எல்லோருக்கும் உள்ள நம்பிக்கை. "புருஷன்ட பேர்?" என்றால் தலை குனியும், முந்தானை வாய்க்குப் போகும். பிறகு சாடை தொடங்கும். ஒருத்தி சுவரில் தொங்கிய முருகன் படத்தைக் காட்டுவாள். ஒருத்தி, "மலையில இருப்பாரே, பாம்பு போட்டிருப்பாரே" என்பாள். இன்னொருத்தி மகனைப் பிடித்து இழுத்து, "அப்பாட பேரை மிஸ்ஸுக்குச் சொல்லு" என்றாள். அவன் தெளிவாக, "அப்பா" என்றான். நான் இதையெல்லாம் இரசித்துத்தான் செய்தேன். பக்கத்து வீட்டுக்காரியிடம் கேட்டு எழுதிக்கொண்டு போய்விடலாம் என்பது என் கட்சி.

மிஸிஸ் ஞானமுத்து ஒத்துக்கொள்ளவில்லை. அதற்குக் காரணமும் இருந்தது. எங்களுக்கு முன்னால் பெயர் எழுதப் போன, அந்தப் பகுதித் தலைமைக்காரரான விதானையின் ஆள், ஒரு பெண் முருகன் படத்தைக் காட்டியதும் கந்தசாமி என்று எழுதிவிட்டான். அவள் புருஷன் பெயர் ஆறுமுகம். தேர்தலன்று கந்தசாமியின் மனைவி நீ இல்லை என்று அவளைத் திருப்பி அனுப்பினார்கள். அவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அழுதுகொண்டு போனதை மிஸிஸ் ஞானமுத்து பார்த்திருந்தார். அன்றிலிருந்து ஒரே விதி. சாடை வேண்டாம், அயலவர் வேண்டாம், அவளே தன் வாயால் சொல்ல வேண்டும். "பேரைச் சொல்லப் பயப்பிடுறவள் நாளைக்கு அரசாங்கத்தை எப்பிடிக் கேள்வி கேப்பாள்? நேர கேளும், நேர எழுதும், பிள்ளை." இதில் அவர் மலைபோல அசையவில்லை. நாங்கள் வெறும் விண்ணப்பங்களோடு ட்ராமில் திரும்பிய நாட்கள் அதிகம்.

அந்தத் தோட்டத்தில்தான் செல்லம்மா இருந்தாள். புருஷன் துறைமுகத்தில் பாரம் தூக்கும் யந்திரத்தில் வேலை. செல்லம்மாவுக்கு வோட்டு வேண்டும். எனக்கு வேண்டியதைவிட அவளுக்கு அதிகம் வேண்டும். "அந்தக் குழாயில காலமை ஒருக்கா, பின்னேரம் ஒருக்காத்தான் தண்ணி வருது மிஸ். தோட்டச் சொந்தக்காரன்ட்டக் கேட்டா சிரிக்கிறான். வோட்டிருந்தா எலெக்சனுக்கு நிக்கிற அவன்ட ஆளிட்டக் கேப்பன்" என்றாள். ஆனால் புருஷன் பெயர் என்றதும் அவளும் மற்றவர்களைப் போலத்தான். எப்படியோ என் கட்சிப்படி, மிஸிஸ் ஞானமுத்துவுக்குத் தெரியாமல், அவள் விண்ணப்பத்தை அயலவரிடம் கேட்டு நிரப்பிவிட்டேன். அது அப்படியே போயிருக்கும். தோட்டச் சொந்தக்காரரின் கணக்கப்பிள்ளை, இவள் அந்த ஆளின் மனைவியே இல்லை என்று ஆட்சேபம் போட்டுவிட்டான்.

ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் விசாரணை. மேசைக்குப் பின்னால் ஒரு வெள்ளைக்காரத் துரை, பக்கத்தில் மொழிபெயர்க்க, முதலியார் என்று அரசாங்கப் பட்டம் பெற்ற ஒருவர். செல்லம்மா தலைக்கு எண்ணெய் வைத்து, மஞ்சள் பூசி, கலியாணத்துக்குப் போகிறவளைப் போல வந்திருந்தாள். வயது, வீடு எல்லாவற்றுக்கும் கணீரென்று பதில் சொன்னாள்.

"புருஷன்ட பேர்?" என்றார் முதலியார்.

செல்லம்மா நிலத்தைப் பார்த்தாள். "வெளியில நிக்கிறார் ஐயா. அவரையே கேளுங்கோ."

மண்டபம் சிரித்தது. "அவரில்லை விண்ணப்பிச்சது, நீர்தான். நீர் சொல்லும். இல்லாட்டிப் பேரை வெட்டச் சொல்லுறார் துரை."

மிஸிஸ் ஞானமுத்து எழுந்து அவளருகே போய் நின்றார். குரலை உயர்த்தவில்லை. "செல்லம்மா, உம்மட வாய்ச்சொல்லால ஒருத்தரும் சாகமாட்டினம். நான் சொல்லுறன், என்னை நம்பும்."

செல்லம்மா ஜன்னல் பக்கம் திரும்பினாள். அங்கே அவள் புருஷன் பீடியைக் காதில் செருகிக்கொண்டு எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். "சொல்லித் துலையுமப்பா, எனக்குப் பயமில்லை!" என்று கத்தினான்.

அவள் உதடு அசைந்தது. "கேக்கேல்லை" என்றார் முதலியார். "சத்தமா, செல்லம்மா" என்றார் மிஸிஸ் ஞானமுத்து. செல்லம்மா கண்ணை இறுக மூடிக்கொண்டு, "வைத்திலிங்கம்!" என்று கத்தினாள். துரை தலையசைத்து எழுதிக்கொண்டார். மூலையில் இருந்த கணக்கப்பிள்ளை தன் தொப்பியை எடுத்துக்கொண்டு போனான். செல்லம்மா வெளியே ஓடி, பள்ளிக்கூடக் குழாயில் வாயைக் கொப்பளித்துத் துப்பினாள். பிறகு தாலியை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

வோட்டுப் போட்ட நாளில் நான் வாசலில் நின்றேன். அப்போது ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு நிறப் பெட்டி. உள்ளே போய், தனக்குப் பிடித்த நிறத்தில் போட்டுவிட்டு வந்த செல்லம்மாவின் முகத்தை இன்றைக்கும் மறக்கவில்லை. "உள்ளுக்க ஒருத்தருமில்லை மிஸ். நானும் பெட்டியளும்தான். என்ட சீவியத்தில நான் தனிய நிண்ட அறை அதுதான்" என்றாள்.

அதற்குப் பிறகு எங்கள் வேலையை அவள் தன் கையில் எடுத்துக்கொண்டாள். வீடு வீடாகப் போய், "நான் ரெண்டு தரம் சொன்னனான். என்ட மனுசனுக்கு என்ன நடந்தது? அங்க பாருங்கோ, சோறு காணாதெண்டு சண்டை பிடிச்சுக்கொண்டு நிக்கிறார்" என்பாள். வேறு தோட்டத்துப் பெண்கள் வைத்திலிங்கம் உயிரோடு இருக்கிறானா என்று நேரில் பார்க்கவே வருவார்கள். அவனுக்குச் சளி பிடித்தால் எங்களுக்கு விண்ணப்பம் குறையும். அவன் அதில் நன்றாகக் குளிர்காய்ந்தான். என்னைக் கண்டால், "மிஸ், என்னை நல்லாப் பாத்துக்கொள்ளுங்கோ. நான் செத்தா உங்கட சங்கமும் செத்துது" என்று சிரிப்பான். நாங்களும் சிரித்தோம். பெண்கள் ஒவ்வொருவராகப் புருஷன் பெயரைச் சொன்னார்கள். சிலர் கதவுக்குப் பின்னால் நின்று சொன்னார்கள், ஆனாலும் சொன்னார்கள். மிஸிஸ் ஞானமுத்துவின் நல்ல காலம் அதுதான்.

பிறகு மறுபடி யுத்தம் வந்தது. பெண்களுக்கு வோட்டு இருந்தும் வந்தது. அது அவரை உள்ளுக்குள் அரித்தது. பத்திரிகைகளுக்கு எழுதினார், ஒன்றும் போடவில்லை. எங்கள் சீமாட்டிகள் சிப்பாய்களுக்குக் காலுறை பின்னத் தொடங்கினார்கள். "யுத்த நேரத்தில சமாதானம் பேசுறது தேசத்துரோகம்" என்று ஒருத்தி முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுப் போனாள். கொட்டாஞ்சேனையில் வேறு பிரச்சினை. துறைமுகத்தில் இரவுபகலாக வேலை, தோட்டத்தில் முதல்முறையாக எல்லோரும் வயிறாரச் சாப்பிட்டார்கள். "சண்டை நிக்கவேணுமெண்டு கேக்கிறீங்கள் அம்மா, நிண்டா இவரின்ட ஓவர்டைமும் நிண்டிடுமே" என்று செல்லம்மாவே கேட்டாள்.

ஒரு ஈஸ்டர் ஞாயிறு காலையில் ஜப்பான் விமானங்கள் வந்தன. கொட்டாஞ்சேனைத் தேவாலயங்களெல்லாம் சனம் நிறைந்த நேரம். விமானத்தளம் இருந்த இரத்மலானைப் பக்கம் எழுந்த புகை எங்கள் ஒழுங்கையிலிருந்தே தெரிந்தது. துறைமுகத்துப் பக்கமும் புகைதான். ஞாயிறானாலும் வைத்திலிங்கம் வேலைக்குப் போயிருந்தான். அவன் நின்ற வேலைத்தலத்தில் குண்டு விழுந்தது. உடல் என்று கொடுத்ததை வீட்டில் திறக்க விடவில்லை.

நாங்கள் போகமுடிந்தபோது கொழும்பில் பாதிச் சனம் ரயிலேறிப் போய்விட்டது. தோட்டத்தில் போக்கிடம் இல்லாதவர்கள் மட்டும் இருந்தார்கள். எங்களைக் கண்டதும் பெண்கள் எழுந்து வந்தார்கள், வரவேற்க இல்லை. "அம்மா, எங்கட பேரைப் பட்டியல்ல இருந்து வெட்டிவிடுங்கோ" என்றாள் ஒருத்தி. "எங்களுக்கு வோட்டும் வேண்டாம், ஒண்டும் வேண்டாம். எங்கட மனுசன்மார் இன்னும் வேலைக்குப் போகினம்." ஒருத்தி என் கையைப் பிடித்துக்கொண்டு விம்மினாள். நூற்றுக்கணக்கான கதவுகளில் நின்று சேர்த்தது ஒரு காலையில் போயிற்று.

செல்லம்மா அறைக்குள் சுவரில் சாய்ந்திருந்தாள். கழுத்து வெறுமையாக இருந்தது. மிஸிஸ் ஞானமுத்து அவளுக்கு முன்னால் வெறும் நிலத்தில் உட்கார்ந்தார்.

"நான் ரெண்டு தரம் சொன்னனான் அம்மா" என்றாள் செல்லம்மா. "மெதுவாச் சொன்னனான். காணாதெண்டு சத்தமாச் சொல்ல வைச்சனீங்கள்."

"குண்டு போட்டது ஜப்பான்காரன், செல்லம்மா."

"ஓம் அம்மா. அவனுக்கு இவரை எப்பிடித் தெரியும்? ஆரோ பேர் சொல்லிக் குடுத்திருக்கவேணும்."

"நீர் சொல்லிப் பத்து வருஷத்துக்கு மேல அவர் சுகமா இருந்தாரே!"

"அவர் நல்ல மனுசன் அம்மா. எனக்காகப் பொறுத்துக்கொண்டு இருந்தார்."

கத்தியிருந்தால் தாங்கியிருக்கலாம். அவள் கத்தவில்லை. திரும்பி வரும்போது ட்ராமில் இருக்க இடமிருந்தும் அவர் நின்றுகொண்டே வந்தார்.

ஆனால் விட்டுவிடுகிற ஆள் இல்லையே அவர். துறைமுகத்தில் செத்தவர்களின் பெயர்கள் பத்திரிகையில் வரவில்லை. யுத்தகாலக் கட்டுப்பாடு. அது அவரைத் தூங்கவிடவில்லை. "பேரில்லாத சாவுதான் சண்டை பிடிக்கிறவனுக்கு வசதி. பேர் தெரிஞ்சா ஆக்கள் கேள்வி கேப்பினம்" என்றார். ஒரு கூட்டம் வைக்கலாம். பேச்சு இல்லை, கோஷம் இல்லை. செத்தவர்களின் மனைவிமார் ஒவ்வொருவராக எழுந்து புருஷன் பெயரைச் சொல்லிவிட்டு உட்கார வேண்டும், அவ்வளவுதான். அந்தச் சனத்திடமா, இப்போதா என்று நான் கெஞ்சினேன். "இப்பதான் பிள்ளை. இனி அவையின்ட மனுசன்மாருக்குக் குறையிறதுக்கு ஆயுள் இல்லை" என்றார். பொலிஸ் அனுமதி வாங்கப் பட்ட பாடு தனிக்கதை.

அதே பள்ளிக்கூட மண்டபம்தான் கிடைத்தது. ஒருத்தரும் வரமாட்டார்கள் என்று நினைத்தேன். வந்தார்கள். செல்லம்மாதான் கூட்டிக்கொண்டு வந்தாள். வெள்ளைச் சேலைகளில் ஒரு வரிசை. பின்னால் ஒரு சிங்களக் கான்ஸ்டபிள் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு இருந்தான். மிஸிஸ் ஞானமுத்து நீலச் சேலையில் மேடைக்குக் கீழே நின்று, ஏன் கூடியிருக்கிறோம் என்று சொன்னார். பிறகு முதல் பெண்ணைப் பார்த்தார். அவள் தலை குனிந்தாள். அடுத்தவள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். ஒருவர்கூடச் சொல்லவில்லை. வரிசையின் கடைசியில் செல்லம்மா. அவள் எழுந்தாள்.

"நான் சொல்லுறதெல்லாம் சொல்லிப்போட்டன் அம்மா, இதே இடத்தில. நீங்கள் சொல்லுங்கோ. உங்கட அவரும் சண்டையில போனவர்தானே. அவரின்ட பேரைச் சொல்லுங்கோ, பிறகு நாங்கள் எல்லாரும் சொல்லுறம்."

நியாயமான பேச்சு. மிஸிஸ் ஞானமுத்து நிமிர்ந்தார். "டொக்டர்..." என்றார்.

"அது வேலை அம்மா. பேர்."

மிஸிஸ் ஞானமுத்துவின் வாய் திறந்தது. கை தாலிக்குப் போய் அதைப் பிடித்துக்கொண்டது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவரோடு இத்தனை காலம் இருந்திருக்கிறேன், அந்தப் பெயரை ஒரு நாளாவது அவர் வாயிலிருந்து கேட்டதில்லை. டொக்டர், டொக்டர், எப்போதும் டொக்டர். ஊரிலுள்ள பெண்களிடமெல்லாம் புருஷன் பெயரைக் கேட்டுத் திரிந்தவர், அடுப்படிப் பெண் போல முந்தானையைத் தேடிக்கொண்டு நின்றார். அவரால் முடியவில்லை. மேடையின் விளிம்பில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

பெண்கள் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். ஒருத்தரும் சிரிக்கவில்லை. அந்தக் கான்ஸ்டபிள்கூட, "ஹரி நோனா, ஹரி" என்று, சரி அம்மா என்பதுபோல, சிங்களத்தில் மெதுவாகச் சொல்லிவிட்டுத் தொப்பியைப் போட்டுக்கொண்டான். செல்லம்மா கடைசியாகப் போனாள்.

வீட்டுக்கு ரயிலில் வரும்போது கடலைப் பார்த்துக்கொண்டு அவர் சொன்னார்: "காணேல்லை எண்டுதான் தந்தி வந்தது, பிள்ளை. செத்துப்போனார் எண்டு ஒருத்தரும் எழுதேல்லை. நான் இப்பிடிக் காவல் காத்துக்கொண்டு இருந்தது எனக்கே தெரியாது." தாலியும் நிறச் சேலையும் எதற்கு என்று எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது. வெள்ளவத்தை ஸ்டேஷனில் இறங்கியதும், "அந்த விதியை எடுத்துவிடும். இனி எப்பிடிச் சொன்னாலும் எழுதும். முருகன் படத்தைக் காட்டினாலும் இருந்து பொறுமையாக் கேட்டு எழுதும்" என்றார். அதன் பிறகு நான் அப்படியே செய்தேன். ஆனால் அந்தத் தோட்டத்தில் யாரும் எனக்குக் கதவு திறக்கவில்லை. சங்கம் பெயருக்கு இருந்தது.

மிஸிஸ் ஞானமுத்து மட்டும் வெள்ளிக்கிழமைகளில் என்னை விட்டுவிட்டுத் தனியே கொட்டாஞ்சேனைக்குப் போய்வந்தார். செல்லம்மாவோடு இருந்துவிட்டு வருவார். என்ன கதைப்பார்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்டாலும் சொல்லியிருக்கமாட்டார். யுத்தம் முடிந்ததும் அவருக்கு நோய் வந்தது. வெள்ளைக்காரன் போகப் போகிறான் என்று ஊரெல்லாம் பேசத் தொடங்கியிருந்தபோது அவர் படுக்கையிலிருந்து எழும்ப முடியாத நிலையில் இருந்தார். ஒரு நாள் செல்லம்மா துணிமூட்டையோடு வந்து, கேட்காமலே அடுப்படிக்குள் போனாள். குளிப்பாட்டினாள், ஊட்டினாள், பீயும் மூத்திரமும் அள்ளினாள்.

"கோபம் போயிட்டுதோ?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"போகேல்லை" என்றாள். கஞ்சியை ஆற்றிக்கொண்டிருந்தாள்.

அவர் போனபோது செல்லம்மாதான் கண்ணை மூடினாள். உடம்பைத் துடைத்துச் சேலை உடுத்தும்போது நான் தாலியில் கை வைத்தேன். "கழட்டாதைங்கோ மிஸ், அப்பிடியே போகட்டும்" என்று என் கையை எடுத்துவிட்டாள். கிறிஸ்தவச் சவக்காலையில் அப்படியே அடக்கம் செய்தோம்.

மரணம் பதிய நானும் அவளும்தான் போனோம். உறவென்று வேறு யார் இருக்கிறார்கள்? பதிவாளர் வெற்றிலை போட்டுக்கொண்டு கேட்டுக் கேட்டு எழுதினார். தொழில் என்ற இடத்தில் என்னைக் கேட்காமலே, இல்லை என்று எழுதினார். எனக்கு நெருப்புப் பற்றியது. "என்ன இல்லை? வெட்டுங்கோ அதை!" என்றேன். "அப்ப என்னெண்டு எழுத, மிஸ்? என்ன வேலை பாத்தவ?" என்று அவர் நிதானமாகக் கேட்டார். சம்பளமில்லாமல் வாழ்நாள் முழுக்க வோட்டுக்கும் சமாதானத்துக்கும் அலைந்ததை எந்தச் சொல்லில் சொல்வது? அவர் எழுதியது எழுதியபடியே இருந்தது.

"சரி, கணவர் பெயர்?"

டொக்டர் என்று வாய்க்கு வந்தது, விழுங்கிவிட்டேன். அது வேலை. எத்தனை கதவுகளில் நின்று எத்தனை பெண்களிடம் கேட்ட கேள்வி! என் முறை வந்தபோது அந்தப் பெயர் எனக்கே தெரியாது. பதிவாளர் பேனையால் மேசையைத் தட்டினார்.

"சாமுவேல்" என்றாள் செல்லம்மா.

சத்தமாக, தெளிவாகச் சொன்னாள். பதிவாளர் காதில் ஒழுங்காக விழவேண்டுமென்று இன்னொரு தரமும் சொன்னாள். அவர் எழுதினார். நான் அவளைத் திரும்பிப் பார்த்தேன்.

"ஒரு வெள்ளிக்கிழமை என்ட காதுக்க சொன்னவ, மிஸ்" என்றாள். "சொல்லிப்போட்டு நல்லா அழுதவ. ஆருக்கும் சொல்லாதை எண்டவ. நான் சொல்லேல்லை." கதவருகே கிடந்த செருப்பைக் காலால் தேடிப் போட்டுக்கொண்டாள். "இப்ப ரெண்டு பேரும் செத்துட்டினம். இனிச் சொன்னா ஒருத்தருக்கும் ஒண்டும் ஆகாது."